அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை

அவருக்கு ஆஸ்பத்திரியில் ‘பத்து செகண்டு’ என்று பெயர். பட்டப்பெயர்தான் என்றாலும் பட்டம் மாதிரியே அதைச் சுமந்துகொண்டிருந்தார். மயக்க டாக்டர். நோயாளி கண்ணை மூடியதும் வாயைத் திறந்து, விளக்கு வைத்த கருவியால் நாக்கைத் தூக்கி, மூச்சுக்குழாய்க்குள் ட்யூபை இறக்க அவருக்குப் பத்து செகண்டு போதும்.

வேகம் குற்றமில்லை. கருவி தொண்டையில் எவ்வளவு குறைவான நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு உடம்புக்கு நல்லது. அவருடைய குற்றம் அந்தப் பத்து செகண்டில் இல்லை, அதற்கு முன்னால் அவர் காத்திருக்காத மூன்று நிமிஷத்தில் இருந்தது. மருந்து முழுசாக வேலை செய்யுமுன் நாக்கைப் பிடித்துத் தூக்கினால், தூங்குகிற ஆளின் உடம்பு தூங்காது. ரெண்டு நிமிஷத்துக்குப் பிரஷர் எகிறும், இதயம் ஓட்டம் பிடிக்கும். வாலிபனுக்கு இது ஒன்றுமில்லை. ஏற்கெனவே பழுதான இதயத்துக்கு அந்த ரெண்டு நிமிஷமே கடைசியாகிவிடலாம்.

ஆனால் அவருடைய சார்ட்டுகளில் பிரஷர் எகிறியதே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எல்லாம் சமவெளி. நோயாளியின் கையில் கட்டிய பிரஷர் பட்டை அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை இறுகி அளவு சொல்லும். ஒரு அளவு முடிந்த கையோடு ட்யூபைப் போட்டுவிடுவார். அடுத்த அளவு வருவதற்குள் மலை ஏறி இறங்கியிருக்கும். நாடித்துடிப்பைக் காட்டும் பீப் ஓசையையும் குறைத்து வைக்கச் சொல்வார், தலை வலிக்கிறதாம். பொய் என்று எதையும் அவர் எழுதியதில்லை. உண்மை வருகிற நேரத்துக்கு வாசலைச் சாத்தி வைப்பார், அவ்வளவுதான்.

அவருக்குக் கீழே ஒரு லேடி டாக்டர் இருந்தாள். மருந்து கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பாள், கேமரா வைத்த கருவியால் மெதுவாகத் தூக்குவாள். அவளுக்கு அவர் வைத்த பெயர் ‘ஆமை’. “சினிமா போட்டுப் பார்த்துத்தான் ட்யூப் போடுவியா? இன்டர்வெல் எப்ப?” என்பார் எல்லார் முன்னாலும். அவள் சார்ட்டில் பத்து, பதினைந்து என்று சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். “பாரு, உன் கேஸ்தான் ஏறுது. என்னோடது ஏறவே ஏறாது.”

இப்படிப்பட்டவருக்கு ஒரு மச்சான் இருந்தான். மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து பிழைத்தவன். இப்போது பித்தப்பையில் கல், எடுத்தே ஆக வேண்டும்.

“என் தம்பி தொண்டையில வேற யாரும் கை வைக்கக் கூடாது. நீங்கதான்” என்றாள் மனைவி, சாப்பாட்டு மேஜையில்.

“மாமா, பத்தே செகண்டாமே? நான் கிளட்ச் விடவே அதைவிட நேரம் எடுத்துக்குவேன்” என்றான் மச்சான்.

அவர் சிரித்தார். தன் கைக்கு என்ன தெரியும் என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மூன்று நிமிஷம் காத்திருந்து மெதுவாகத் தூக்கினால் ஆபரேஷன் தியேட்டரே சிரிக்கும். வழக்கம்போல் செய்தால் மச்சான் போய்விடுவான். மூன்றாவது வழி ஒன்று கிடைத்தது.

ஆபரேஷன் அன்று காலை குளியலறையிலிருந்து மணிக்கட்டில் கட்டோடு வெளியே வந்தார். கார் கதவு நசுக்கிவிட்டதாம். பொய்யிலும் ஒரு தொழில் நேர்மை: நாக்கைத் தூக்குவது இடது கை என்பதால் இடது கையில்தான் கட்டியிருந்தார்.

“அப்ப யாரு போடுவாங்க?” என்று மனைவி கலங்கினாள்.

“ஆமை இருக்கா. நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கறேன்.”

நின்றார். தியேட்டர் சிஸ்டரிடம், “பட்டையை ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு வை. பீப் சத்தத்தைக் கூட்டு” என்றார். சிஸ்டர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கூட்டினாள்.

லேடி டாக்டர் மருந்து கொடுத்தாள். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம்.

“அவசரப்படாதே” என்றார் பத்து செகண்டு. ஒரு மூலையில் யாரோ இருமினார்கள்.

மூன்று நிமிஷம் கழித்து ட்யூப் இறங்கியது. பீப் கொஞ்சம் விரைந்து, மறுபடி நிதானித்தது. நூற்று நாற்பதில் இருந்த பிரஷர் நூற்றைம்பத்திரண்டு வரை போய் இறங்கியது. அவர் நெற்றியைக் கட்டுப் போட்ட கையாலேயே துடைத்துக்கொண்டார்.

மாலையில் மச்சான் கட்டிலில் உட்கார்ந்து, “தொண்டைகூட வலிக்கலை மாமா” என்றான்.

“உனக்கென்ன தெரியும்? நூத்தம்பத்திரண்டு வரைக்கும் ஏத்திட்டா.”

“ஐயோ! நீங்க போட்டிருந்தா?” என்றாள் மனைவி.

“ஏறியே இருக்காது.” வாசலில் நின்ற லேடி டாக்டருக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார். அவள் மச்சானின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் கட்டு போயிருந்தது. முதல் கேஸ் ஒரு தையல்காரர், பத்து வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். மருந்து போய் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, டாக்டர் அவர் வாயைத் திறந்தார், நாக்கைத் தூக்கினார், பத்தே செகண்டு. பீப் சத்தம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பட்டை இறுகியது.

“இருநூத்திப் பதினாலு” என்றாள் சிஸ்டர்.

“யாரு ஒரு நிமிஷத்துல வெச்சது?”

“நேத்து நீங்கதானே சார் வைக்கச் சொன்னீங்க. நல்லதுன்னு நெனச்சு அப்படியே விட்டுட்டேன்.”

“மிஷின் கெட்டுப்போச்சு. மறுபடி அழுத்து.”

“இருநூத்தி ஆறு.”

“பட்டையை மாத்து!”

பட்டை தேடி, மாற்றி, கட்டி முடிக்க நாலு நிமிஷம் ஆனது. நூற்று நாற்பத்தெட்டு.

“பார்த்தியா? பட்டைதான்” என்றார், ஏதோ உயிரைக் காப்பாற்றியவர் மாதிரி. தையல்காரர் பிழைத்துக்கொண்டார். அந்தப் பெருமை முழுக்க அவருடைய ரத்தக்குழாய்களைச் சேரும். மிஷினைச் சோதிக்க அனுப்பினார்கள். குறை ஏதும் இல்லை என்று சீட்டு ஒட்டித் திரும்பி வந்தது.

சிஸ்டர் மூன்று எண்களையும் மையால் எழுதி, புள்ளி வைத்து, கோடும் இழுத்திருந்தாள். சமவெளிக்கு நடுவே செங்குத்தாக ஒரு மலை. சார்ட்டை நீட்டினாள். பத்து செகண்டு இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், படிக்காமலே கீழே கையெழுத்துப் போட்டார்.