ஏற்புரை தயார்

என் நாவலுக்கான ஏற்புரையை எழுதி முடித்துவிட்டேன். நாவலைத்தான் இன்னும் முடிக்கவில்லை.

புத்தக வெளியீட்டு விழாக்களுக்குப் போய்ப் போய் வந்த வினை. நூலக அரங்கில் வாழ்த்துரை, ஆய்வுரை எல்லாம் ஓய்ந்து, சபையின் பாதிக் கண் பின்வரிசை வடைமேல் இருக்கும்போது நூலாசிரியர் எழுந்து நன்றி சொல்வாரே, அதுதான் ஏற்புரை. நமக்கு அந்த நேரம் வந்தால் என்ன பேசுவது என்று ஒரு விடுமுறை நாளில் யோசித்தேன். மடமடவென்று வந்தது. மனைவிக்கு நன்றி சொல்லும் இடத்தில் ‘குரல் தழுதழுக்க’ என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பு வேறு. அவளிடம் படித்துக் காட்டியபோது குறிப்பு தேவைப்படவில்லை. நிஜமாகவே தழுதழுத்தது.

நாவலோ நான்காம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. நாயகி சாங்கி விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் காத்திருக்கிறாள். பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்கா வந்து இறங்க வேண்டும். என்னால் இறக்க முடியவில்லை. தீபாவளிக்குள் முடிப்பேன் என்று வாசகர் வட்டத்தில் எழுந்து நின்று சொல்லியிருந்தேன். சிராங்கூன் சாலையில் அலங்கார வளைவுகள் ஏறிவிட்டன. தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனால் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். எந்த வருடத்துத் தீபாவளி என்று சொல்லித் தொலைக்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

நாவலை முடிக்கும் ஆசை ஊரறிந்தது. ஊரறியாத ஏக்கம் ஒன்று உண்டு. முதல் அத்தியாயம் எழுதிய நாட்களில், வேலைக்குப் போகும் ரயிலில் நாயகி என் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே வருவாள். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அலுவலகத்துக்குத் தாமதமாகப் போயும் சிரித்துக்கொண்டிருப்பேன். பிறகு எப்போதோ அந்தப் பேச்சு நின்றுபோனது. இப்போது கணினியைத் திறந்தால் வருகைக் கூடத்தில் அவள் முதுகுதான் தெரிகிறது. திரும்ப மாட்டேன் என்கிறாள்.

அந்தக் கூடத்தை நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாத்தோக்கிலிருந்து சாங்கிக்குக் கிளம்பினேன். தீவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. வருகைக் கூடத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் என் வயதுப் பெண்மணி ஒருவர்.

“யாருக்கு வெயிட் பண்றீங்க?” என்றார்.

“ஒரு அக்காவுக்கு.”

“எந்த ஃப்ளைட்டு?”

“இன்னும் முடிவாகலை.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “போன் பண்ணிக் கேளுங்க லா. சும்மா நின்னுக்கிட்டிருந்தா?”

அவர் காத்திருந்ததும் அக்காவுக்குத்தான், திருச்சி விமானம். கதவு திறந்து அந்த அக்கா தள்ளுவண்டியோடு வெளியே வந்தார். என் நாவலில் இந்தச் சந்திப்புக்காக இரண்டு பக்கக் கண்ணீரும் ஒரு மழை உவமையும் ஒதுக்கி வைத்திருந்தேன்.

“என்னக்கா, தலைக்கு டை அடிக்கலையா?” என்றார் தங்கை.

“ஆமா, நீ ரொம்பக் குமரி. வண்டியைப் பிடி” என்றார் அக்கா.

அவ்வளவுதான். இருவரும் ஒரே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தங்கையின் கைமேல் அக்காவின் கை இருந்தது. லிஃப்ட் கதவு மூடும்வரை அதை எடுக்கவில்லை.

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டத் தொடங்கினேன். என் நாயகி திரும்பினாள். அக்காவின் நரையைப் பார்த்தாள். வாய் திறந்தாள்! வீட்டுக்கு வரும் ரயிலிலும் பேச்சு ஓயவில்லை. ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாற மறந்து லேக்சைட்வரை போய்விட்டேன். அங்கே எதிர்த்திசை ரயிலுக்காக நின்றபோது கதையில் அக்காவும் தங்கையும் டாக்சி ஏறிவிட்டார்கள்; மறுபடி மௌனம். இந்தத் தீபாவளிக்கு முடியாது என்பது நிச்சயமாயிற்று. ஆனாலும் ரயில் கொஞ்சம் தாமதமாக வந்தால் தேவலை என்றிருந்தது. டாக்சியிலிருந்து ஒரு வார்த்தையாவது கேட்காதா?

வீட்டுக்கு வந்ததும், புதிதாக எழுதிய பக்கத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். துணி மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முடிந்ததும் கையிலிருந்த சட்டையை மடித்து அடுக்கினாள். பிறகு சொன்னாள்:

“நல்லாத்தாங்க இருக்கு. ஆனா அந்த ஏற்புரை அளவுக்கு இல்லை.”