செலவுச் சுருக்கம்

தலைமைச் செயலகத்தில் ஓய்வு பெற்ற தமிழர்களுக்கான நம் வாட்ஸ்அப் குழுவில் அன்று காலையிலிருந்தே சண்டை. நமக்கு வரவேண்டிய பஞ்சப்படி நிலுவையைச் சர்க்கார் கடன் வாங்கியாவது கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்சி. இருக்கிற கடனே கழுத்தை நெரிக்கிறது, முதலில் செலவைக் குறைக்கட்டும் என்று இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் பங்குக்கு நீளமாக ஒன்று எழுதிப் போட்டுவிட்டு, வம்புக்கென்றே கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'எஸ்தர் மேடம் ஏன் வாயைத் திறக்கவில்லை? பதில் இல்லையோ?' அரை மணி கழித்து அவருடைய எண்ணிலிருந்தே பதில் வந்தது. எழுதியவள் அவருடைய மகள். அம்மா விடியற்காலையில் தவறிவிட்டார், அடக்கம் நாளை பாறசாலையில், என்று. என்னுடைய கேலிக்கு நேர் கீழே அந்தச் செய்தி இன்றும் அப்படியே கிடக்கிறது. என் வரியை அழிக்கத் தெரியாமல் இல்லை, மனசு வரவில்லை.

தலைமைச் செயலகத்தில் நிதித்துறையின் செலவுப் பிரிவில் எஸ்தரும் நானும் எதிரெதிர் மேஜையில் பல வருடம் இருந்தோம். ஒரே வயது, ஒரே பதவி; ஆணைப்படி நான் சில மாதம் சீனியர், அவ்வளவுதான். பிரிவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே, மற்றவர்கள் மலையாளிகள். அவர் பாறசாலையிலிருந்து தினமும் நாகர்கோவில் பாசஞ்சரில் வந்து இறங்குவார். நான் சாலைக் கடைத்தெருவில் பிறந்தவன். என் அப்பா கடனுக்குச் சரக்கு எடுத்துத் தொழிலைப் பெருக்கப் போய், கடைசியில் கடையையே பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டவர். ஆகவே கடன் என்ற சொல்லே எனக்கு ஆகாது. எஸ்தருக்கோ அது அரிசி, பருப்பு மாதிரி ஒரு சாதாரணச் சொல். வீட்டுக்குக் கடன், மகள் படிப்புக்குக் கடன், ஒன்றைக்கூடத் தவணை தவறவிட்டதில்லை.

வந்த புதிதில் ஒருநாள் என் சாப்பாட்டுப் பாத்திரம் ஒன்றை இரவல் வாங்கிப் போனார். மறுநாள் அது மசித்த மரச்சீனிக் கிழங்கோடு திரும்பி வந்தது. "வாங்கினத விட நல்லதாத் திருப்பிக் கொடுக்கணும் சாரே. அப்பந்தான் அடுத்த மட்டம் தருவாவ," என்றார். இதுதான் உங்கள் பொருளாதாரமா என்று கேட்டேன். "இதுல கூடுதலா என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு ஃபைலைத் திறந்துகொண்டார்.

சர்க்கார் கடன் வாங்குவதைப் பற்றி நான் பொரிந்து தள்ளும்போதெல்லாம் அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் மட்டும் பேனாவைக் கீழே வைத்தார். "நான் படிச்ச ஹாஸ்டல் சர்க்கார் கடம் எடுத்துக் கட்டினது. எங்க அப்பா பனையேறி. அந்த ஹாஸ்டல் இல்லேன்னா நான் இந்த மேசையில இல்ல. இப்ப நானும் வரி கட்டுகேன். நாளைக்குக் கடத்த அடைக்கதுக்கு ஆளு வேணும்லா? அந்த ஆள இன்னைக்கு உண்டாக்கணும், கேட்டியளா." கடன் என்பதை அவர் மலையாளத்தில் சொல்வதுபோலக் 'கடம்' என்றுதான் சொல்வார். திருத்திப் பார்த்துத் தோற்றேன்.

இதனால் அவரை ஊதாரி என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் அலுவலகம் தன் கூட்ட அறைக்குக் கம்பளம் கேட்டு அனுப்பிய ஃபைலை நான்கூட இரக்கப்பட்டு விட்டிருப்பேன். அவர் விடவில்லை. "கம்பளத்துக்குக் கடமா? தரையில நல்ல மொசைக் உண்டு," என்று திருப்பிவிட்டார். வந்த உறைகளைக் கிழித்து உட்புறத்தில் குறிப்பெழுதுவார். செலவைக் குறைப்பதில் அவர் எனக்கும் ஒரு படி மேல். ஆனால் குறைக்கச் சொல்லி எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் ஒன்று கேட்பார்: "குறைக்கலாம். ஆருக்குக் குறையுது?" அந்தக் கேள்வியால் என் ரத்த அழுத்தம் ஏறியது எத்தனை முறை என்று எங்கள் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது அந்தப் பழைய விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதைப் பாதிதான் கேட்டிருப்பீர்கள். ஒரு நெருக்கடி வருடத்தில், மலையோரத்துச் சின்னச் சின்ன சர்க்கார் நிலையங்களில் எதை மூடலாம், எதைச் சேர்க்கலாம் என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள். பட்டியலில் பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கான சர்க்கார் மருந்தகம் இருந்தது. ஒரு நர்ஸ், இரண்டு அறை. அங்கே எல்லாரும் தமிழர்கள் என்பதால் கடிதத்தைத் தமிழில் எழுதும்படி என்னிடம் கொடுத்தார்கள். மலையாளத்தில் செலவைக் குறைப்பதற்குச் 'செலவு சுருக்கல்' என்பார்கள். நான் பள்ளியில் மலையாளம் படித்தவன். தமிழ் வீட்டில் பேசிய தமிழ்தான். ஆகவே கொஞ்சமும் யோசிக்காமல், 'தங்கள் நிலையத்தின் செலவுச் சுருக்கத்தை இரண்டு வாரத்துக்குள் அனுப்பவும்' என்று அழகாக எழுதி அனுப்பினேன். எதை நிறுத்தலாம் என்று நான் கேட்டதாக என் நினைப்பு. எதற்கெல்லாம் செலவாகிறது, சுருக்கமாக எழுதுங்கள் என்று நர்ஸ் புரிந்துகொண்டார்.

செல்வமணி என்ற அந்த நர்ஸ் மூன்று பக்கம் அனுப்பியிருந்தார். ஒரு தொகைகூட இல்லை. 'காயத்துக்குக் கட்டும் துணி: அதிகமும் கொழுந்து எடுக்கும் பெண்களின் விரல்களுக்கு. உப்பு: அட்டைக்கடிக்கு, வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன். பாம்புக்கடி மருந்து: இங்கே இல்லை, ஆகவே செலவில்லை. மாரியம்மாளின் மகனை ஜீப்பில் கீழே அனுப்பினோம், பிழைத்தான். பிரசவம்: மழையில் பாதை அடைபட்ட அன்று இரண்டு, தாயும் பிள்ளையும் சுகம்.' இப்படியே போயிற்று. எஸ்தர் அதைப் பிரிவில் எல்லாருக்கும் கேட்கும்படி மலையாளத்தில் மாற்றி வாசித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. தப்பு என்னுடையது என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்றே என்பதுதான் என் கவலை.

அவர் அந்த மூன்று பக்கத்தையும் மொழிபெயர்த்து ஃபைலில் சேர்த்து, மருந்தகத்தை மூடக் கூடாது, இதற்காகக் கடன் வாங்கினாலும் நியாயம் என்று குறிப்பெழுதினார். நான் அதற்குக் கீழே, 'நிதிநிலை அனுமதிக்காது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி இரண்டையும் படித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். இப்படியொரு கணக்கை யார் கேட்டது என்பது அவர் கேள்வி. "இது ஆரு சோதிச்சு?"

"நம்மள் தன்னே சோதிச்சதா, சார்," என்றார் எஸ்தர். நாமேதான் கேட்டோம் என்று. என் பெயரைச் சொல்லவில்லை.

மருந்தகம் பிழைத்தது. பட்டியலில் இருந்த மற்றவற்றில் பல பிழைக்கவில்லை, அவற்றுக்கெல்லாம் யாரும் மூன்று பக்கம் எழுதவில்லை. சர்க்காரின் கடனும் வளர்ந்துகொண்டுதான் போயிற்று. அதை நான் அவருக்குச் சொல்லிக் காட்டாத மாதமில்லை.

போன மாதம் பாறசாலை வீட்டுக்கு அவரைப் பார்க்கப் போனேன். ரொம்ப மெலிந்திருந்தார். உடம்பைப் பற்றிக் கேட்காமல் பஞ்சப்படி நிலுவையைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் சிரித்து, கையமர்த்தினார்.

"அதொக்கெ இருக்கட்டு. ஒரு காரியம் சொல்லணும். கோவிக்கக் கூடாது. அந்த லெட்டர் அனுப்புகதுக்கு முன்னால என் மேசைக்குத்தான் வந்துது."

"எந்த லெட்டர்?"

"மலையில உள்ள மருந்தகத்துக்கு நீங்க எழுதினது. செலவுச் சுருக்கம்னு கண்டேன். நான் தமிழ் மீடியத்துல படிச்சவ சாரே. அவ அத எப்படி வாசிப்பான்னு எனக்குத் தெரியாதா?"

"பின்னே ஏன் திருத்தலை? நான் எல்லார் முன்னாலயும் அசடு வழிஞ்சேனே."

"திருத்தினா எத வெட்டலாம்னு ஒரு லிஸ்ட் வந்திருக்கும். அங்க ஆரெல்லாம் இருக்காவன்னு வந்திருக்காது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்: "நான் செய்தது தப்பா?"

"விதிப்படி தப்புதான்," என்றேன்.

"விதியக் கேக்கல்ல. உங்களக் கேட்டேன்."

நான் டீயைக் குடித்து முடித்தேன். திரும்பிப் போக ரயில் எத்தனை மணிக்கு என்று அவருடைய மகளிடம் கேட்டேன். வாசல்வரை மகள்தான் வந்தாள். அடுத்த வாரம் வந்து ஆற அமரப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் மழை, அதற்கடுத்த வாரம் எனக்குப் பல்வலி. இப்படித்தான் நாட்கள் போயின.

அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் சிலர், இத்தனை வருடம் சண்டை போட்டவர் இப்படி அழுகிறாரே என்று என்னைப் பார்த்ததைக் கவனித்தேன். காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். அன்று 'நிதிநிலை அனுமதிக்காது' என்று நான் எழுதியது நிதிநிலையைப் பார்த்து அல்ல. என் தமிழ் சந்திக்கு வந்துவிட்ட ரோஷத்தில் எழுதினேன். நர்ஸ் வீட்டிலிருந்து உப்பு கொண்டுவருகிறார் என்று வாசித்த உடனேயே அந்த மருந்தகத்தை மூடக் கூடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் எழுதினேன். மேலதிகாரி என் குறிப்பை ஏற்றிருந்தால், மழையில் பாதை அடைபடும் அடுத்த நாளில் அந்த மலையில் யாருமே இருந்திருக்க மாட்டார்கள்.

சர்க்கார் கடன் வாங்குவதைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. குழுவில் நாளையும் சண்டை போடுவேன். எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் என்னிடம், விதியிடம் அல்ல, என்னிடம் கேட்ட அந்தக் கேள்வி. அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சொல். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லாமல் ரயிலுக்கு நேரம் கேட்டேன். தப்பில்லை மேடம்.