மல்லிகைக்குக் கட்டிய சேலை

நேற்று மாலை ஷார்ஜாவில் வடகாற்று எழுந்தது. மருமகள் பழைய போர்வை ஒன்றை எடுத்துவந்து பால்கனியில் இருந்த செம்பருத்தித் தொட்டிகளைச் சுற்றிக் கட்டினாள். "செடிக்குப் போத்தியாச்சு மாமா. இனி நீங்க ஸ்வெட்டர் போட்டா என் வேலை முடிஞ்சது" என்றாள். போர்வையிலிருந்து பாச்சை உருண்டை வாசம் வந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசத்தில் பெட்டியில் மடித்துவைத்த கல்யாணப்பட்டு நினைவுக்கு வரலாம். எனக்கு ஜுபைலும், அங்கே நான் கெடுத்த ஒரு மல்லிகைச் செடியும்தான் வரும்.

அப்போது சவூதியில், ஜுபைலில் ஒரு ரசாயன ஆலையில் இன்ஜினியராக இருந்தேன். மனைவி ஊரில், நான் கம்பெனி குடியிருப்பில் தனியாள். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துச் சிவகாமி அக்காவும் அவர் கணவர் துரையண்ணனும். நடுவே இடுப்பளவுச் சுவர். அதற்கு மேலாகப் புட்டு வரும், சம்பல் வரும், நான் சட்டையைத் துவைக்காமல் போட்டால் வசவும் வரும். நன்றாகச் சாப்பிட்ட காலம் அது.

அக்காவின் மல்லிகை சாதாரணச் செடியல்ல. ஊரைவிட்டுக் கிளம்பும்போது ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த குச்சியில் வளர்ந்தது. அந்த வீடும் தோட்டமும் பிறகு இலங்கைப் போரில் போய்விட்டன. செத்தால் வேறு குச்சி கிடைக்காது. கடற்காற்றில் குளிரும் உப்பும் சேர்ந்து வரும் மாதங்களில், பொழுது சாய்ந்ததும் நான்கு கம்புகளைச் சுற்றி, பாச்சை உருண்டை வாசம் போகாத ஒரு பழைய சேலையைக் கட்டுவார். வெயில் வந்ததும் அவிழ்ப்பார்.

"என்னக்கா, சேலையெல்லாம் கட்டி எந்த ஊருக்குக் கட்டிக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்பேன்.

"குளிரேக்க நீங்கள் மட்டும் கம்பளிக்குள்ள பூருறியள்தானே? விசர்க் கதை கதையாதேங்கோ தம்பி."

ஒரு குளிர்காலத்தில் துரையண்ணனுக்கு வயிற்றில் ஆபரேஷன். தம்மாம் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அக்கா சேலையை என் கையில் கொடுத்தார். "பின்னேரம் மூடுங்கோ, காலமை திறவுங்கோ. வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

வேறு ஒன்றும் செய்யாமல் இருக்க என்னால் முடியுமா? நான் திண்டுக்கல் பக்கம் மல்லித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊரில் மார்கழி பிறந்தால் மல்லிக்குக் கவாத்து. ஒட்ட வெட்டிவிட்டால் தையில் துளிர்த்து, பங்குனியில் பறித்து மாளாது. அக்காவை அசத்திவிடலாம் என்று கத்திரிக்கோலை எடுத்தேன். குட்டையான செடிக்குச் சேலை எதற்கு என்று அதையும் மடித்து வைத்தேன். இளந்துளிர் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு வடகாற்று விடாமல் அடித்தது. துளிரெல்லாம் கருகித் தண்டும் சுருங்கிப்போயிற்று. எங்கள் மார்கழிக் குளிர் காலையோடு போய்விடும்; இந்தக் காற்று உட்கார்ந்து வேலை பார்க்கும்.

அக்கா திரும்பி வந்தார். "காத்து அடிச்சிருச்சுக்கா" என்றேன்.

குனிந்து வெட்டுப்பட்ட நுனிகளை விரலால் தடவிப் பார்த்தார். "காத்து நல்ல கத்திரிக்கோல் வைச்சிருக்குது போல."

உள்ளே கட்டிலில் இருந்து துரையண்ணன், "சிரிக்க வைக்காதேயப்பா, தையல் பிரியப்போகுது" என்று கத்தினார். அக்கா சிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. "வேர் செத்திருக்காது. இனி நீங்கள்தான் பார்க்கோணும்" என்றார்.

டூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால் நேரே செடியிடம்தான். அடியில் காய்ந்த ஈச்ச ஓலை பரப்பி, ஏசி வந்த அட்டைப்பெட்டியைச் சுற்றி நிறுத்தி, அதன்மேல் சேலை. காலையில் அவிழ்த்துக்கொண்டிருந்தால் கம்பெனி பஸ் ஓட்டும் பாகிஸ்தான் பட்டாணியர் ஹாரன் அடிப்பார். "யல்லா, கிளம்பு பாய், உள்ள பொண்டாட்டியா இருக்கு?" என்று அவருடைய இந்தியில் கேட்பார். அக்கா தினமும் நகத்தால் தண்டைக் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாது. அப்படியும் எனக்குத் தேநீர் வந்துவிடும்.

குளிர் முடியும் சமயம் ஒரு வெள்ளிக்கிழமை. "தம்பி, ஓடியாங்கோ!" மண்ணை ஒட்டி, அரிசி மணியளவில் ஒரு பச்சை. அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

கோடை தொடங்கியபோது என் மனைவி விசிட் விசாவில் வந்தாள். முதல் மொட்டுகளை அக்கா தன் சாமி படத்துக்குக்கூட வைக்காமல் தொடுத்து அவள் தலையில் வைத்தார். அவளுக்கு நம்ப முடியவில்லை. "இந்த மணல்ல மல்லியா? யாருங்க வளத்தது?"

"நாந்தான்." எப்படி வாயில் வந்ததோ, வந்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவளிடம், "ஓமோம். இந்தக் குளிர் முழுக்கத் தம்பி இதுக்குப் பக்கத்திலதான்" என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அத்தனை குளிரிலும் செடியை மூடிக் காப்பாற்றியவர், என் மானத்தையும் அப்படிக் காப்பாற்றிவிட்டார். தனியாளுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க வீடாகவும் இருந்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது. கூடவே கூசவும் செய்கிறது.

அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டார்கள். அக்காவும் அண்ணனும் பிள்ளைகளோடு கனடா போய், அங்கேயே காலமானார்கள். என் மனைவி கடைசிவரை, "எனக்காகப் பாலைவனத்துல மல்லி வளத்தவரு" என்று உறவுக்காரர்களிடம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் நான் சும்மா சிரித்தேன். அவளும் இப்போது இல்லை. யாருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று தெரியாமலே போய்விட்டாள்.