சூரியனின் இரைச்சல்

யுத்தம் முடிந்து என் கணவர் பர்மாவிலிருந்து திரும்பியபோது அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. பட்டாளத்தில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். பக்கத்தில் விழுந்த குண்டு காதை விட்டுவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டது. நான் கீழப்பழுவூரில் பள்ளிக்கூட டீச்சர். மத்தியானம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவருவேன். காலையில் உட்கார்ந்த இடத்திலேயே அவர் உட்கார்ந்திருப்பார்.

அவருடைய பட்டாளத்து நண்பர் ஒருவர், ராணுவம் கழித்துப்போட்ட ரேடியோப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தபாலாபீசில் லைசென்ஸ் எடுத்தோம். கொல்லையில் இரண்டு கம்பம் நட்டு உயரத்தில் கம்பி கட்டினோம். ஆனால் அவர் பாட்டும் கேட்கவில்லை, செய்தியும் கேட்கவில்லை. எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பர்மாவில் சில நாள் பகலெல்லாம் எல்லாச் செய்தியையும் மூழ்கடித்துக்கொண்டு ஓர் இரைச்சல் வருமாம். எதிரியின் வேலை என்றார்களாம் அதிகாரிகள். அது பொழுது விடிந்த பிறகுதான் வருகிறது, பொழுது சாய்ந்தால் நின்றுவிடுகிறது என்பதை இவர் கவனித்திருக்கிறார்.

“சூரியன்லேருந்துதான் வருதுன்னு நெனைக்கிறேன். தெனம் கேட்டுப் பாத்தாத்தான் தெரியும். நீ எழுதிக்கிறியா?” என்றார்.

தினமும் பன்னிரண்டு மணிக்கு அரை மணி நேரம். அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன்: லேசு, நடுத்தரம், பலம். விளக்குப் புகை பிடித்த கண்ணாடித் துண்டு வழியாகச் சூரியனையும் பார்க்கச் சொன்னார். ஒரு நாள் அதன் மேல் மிளகு ஒட்டினாற்போல ஒரு கரும்புள்ளி தெரிந்தது. எந்தப் பக்கம் என்று கேட்டார். அவருடைய உள்ளங்கையில் வட்டம் போட்டு அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அந்த வாரம் முழுக்க நோட்டில் பலம், பலம் என்றே இருந்தது. ஹெட்போனை என் காதிலும் வைத்தார். மணலை முறத்தில் போட்டுப் புடைப்பது போல ஒரு சத்தம். அன்று அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறு வருஷம் சுண்ணாம்புக்கல் கம்பெனி ஒன்று எங்கள் ஊருக்கு ஒரு மைல் தள்ளிக் கொட்டகை போட்டது. திருச்சி ஆபீசோடு தொடர்பு வைத்துக்கொள்ள வயர்லெஸ் வைத்தார்கள். அதிலிருந்து பெட்டிக்குள் ஓயாத தந்திச் சத்தம். முள்ளை எங்கே திருப்பினாலும் அதுதான். பழகிய காது என்பதால் அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. “நாளைக்கி ரெண்டு ரயில் வேகன் கேக்கறான். சாக்கு பத்தலையாம்” என்பார். வேண்டாம் என்றாலும் அவரால் அதைப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

கம்பெனி மானேஜரைப் பார்க்கப் போனோம். மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார்.

“நீங்க யாருக்குச் செய்தி அனுப்பறீங்க?”

“அனுப்பறதில்லைங்க. கேக்கறது மட்டும்தான்” என்றார் இவர்.

“யாரு அனுப்பறதை?”

“சூரியனைங்க.”

மானேஜர் சிரிக்கவில்லை. பகல் பன்னிரண்டிலிருந்து அரை மணி வயர்லெஸை நிறுத்தச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். பதினைந்து நாள் அப்படியே நடந்தது. பிறகு வேலை கூடிவிட்டது. வேகன் எப்போது கிடைக்கும் என்பது மத்தியானம்தான் தெரியவரும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்.

சர்க்காருக்கு எழுதிப்போட்டோம். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. கம்பெனி முறைப்படி லைசென்ஸ் வாங்கிச் செய்தி அனுப்புகிறது. தாங்கள் குறிப்பிடும் இடத்தில் எந்த நிலையமும் இல்லாதபடியால், அதைக் கேட்பதற்குப் பாதுகாப்புத் தர விதி இல்லை. வாசித்து முடித்தேன். “எந்த நிலையமும் இல்லதான்” என்றார் அவர்.

அதற்கப்புறம் ஒரே ஒரு முறை என்னிடம் கேட்டார். கொள்ளிடக் கரைப் பக்கம், திருமானூரைத் தாண்டிப் போய்விட்டால் சத்தம் குறையும். “மாத்தல் கேட்டுப் பாக்கறியா?” சரி என்றேன். மாற்றல் மனுவும் எழுதினேன். ஆனால் கொடுக்கவில்லை. புது ஊரில் கண் தெரியாதவரை நாளெல்லாம் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டும் என்ற பயம். மனுவை டிரங்குப் பெட்டியில் துணிக்கடியில் வைத்தேன். பதில் வரவில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் திரும்பக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் நோட்டில் ‘கேட்கவில்லை’ என்று எழுதிக்கொண்டே போனேன். ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றி, “போதும்” என்று என் கையில் கொடுத்தார்.

“நீ மனு குடுக்கலைன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கி நீ எழுதி முடிச்சதும் டிரங்குப் பொட்டி மூடுன சத்தம் கேட்டுச்சு. வருத்தம் இல்ல. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு” என்றார்.

ரொம்ப நேரம் அவர் முழங்காலில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூட மணி அடித்தது. எழுந்து போனேன்.

மறுநாள் மத்தியானம் நான் வந்தபோது அவர் பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பகலில் அவர் தூங்கி அதுவரை நான் பார்த்ததில்லை.