ரெங்கம்மா கடையின் முதல் குறுஞ்செய்தி

உலகத்தின் எந்த மூலையில் தேயிலைப் பெட்டி வாங்கினாலும் அதன் மேல் கூடை சுமந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பைக் காட்டித்தான் தேயிலையை விற்கிறார்கள். அதே பெண் தானாக ஒன்றை ஆக்கி, "இது நல்லாயிருக்கும், வாங்க" என்று சொல்ல வந்தால் மட்டும் நாக்கு எழாது. எழாதபடி தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

ரெங்கம்மாவுக்கும் எழவில்லை. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள் அவள். 2006இல் வேலையை விட்டுவிட்டு, கொழும்புக்குப் போகும் வீதியோரம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சாப்பாட்டுக் கடை திறந்தாள். கணவன் மாடசாமி வெலிமடை மரக்கறி லொறி ஒன்றில் உதவியாள். லொறிகள் உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு இரவில் கொழும்புக்கு இறங்கும். மறுநாள் மதியம் வெறும் லொறியாகத் திரும்பும். அந்த மதியப் பசியை நம்பித்தான் அவள் அடுப்பு மூட்டினாள். லொறிகளோ ஹோர்ன் அடித்துவிட்டு அவள் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

அறையின் சொந்தக்காரர் ஜாபிர். பக்கத்து அறையில் அவரும் மனைவி லரீபாவும் தொலைபேசிக் கடை நடத்தினார்கள். ஒருநாள் ஜாபிர் வாசலில் வந்து நின்றார்.

"ரெங்கம்மா, கோவிச்சிக்க வாணாம். டயர்க்கடை போட ஒருத்தன் இந்த ரூமைக் கேக்கிறான். இந்த மாசம் பாப்பம். இப்படியே கெடந்தா நான் ஒன்னும் செய்ய ஏலா."

கடை போனால் மறுபடி தோட்டத்துப் பெரட்டுக் களம்தான். விடியலில் வரிசையில் நின்று, பேர் கூப்பிடும்போது தலையைக் காட்டி, கங்காணி கைநீட்டும் மலைக்கு ஏற வேண்டும்.

யோசனை சொல்ல ஆள் குறைவில்லை. வாசலைக் கிழக்கே திருப்பு என்றார் ஒருவர். பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழி என்றார் கோயில் பூசாரி. உடைந்த பூசணிக்காயைப் பார்த்து எந்த ஓட்டுநருக்கு லொறியை நிறுத்தத் தோன்றும் என்று யாரும் கேட்கவில்லை. காரியமான யோசனை சொன்னவள் லரீபாதான்.

"அக்கா, ஒங்கட மாப்புள போன்ல டிரைவர்மார்ட நம்பர் எல்லாம் ஈக்கிதானே? ஒரே தரத்தில எல்லாருக்கும் மெசேஜ் அனுப்ப ஏலும். கொழும்புல பெரிய ஹோட்டல்காரங்க அப்படித்தான் செய்றாங்க."

"என்னான்னு அனுப்புறது?"

"இன்னைக்கு என்ன கறி, எவ்வளவு ருசி, அதுதான்."

"சீச்சீ! நம்ம சோத்த நாமளே மெச்சிக்கிறதா? ஒருத்தரக் கூப்புட்டா வாங்கன்னு மட்டுந்தான் சொல்லணும். என்னா ஆக்கி வச்சிருக்கேன்னு சொல்றது அசிங்கம் லரீபா."

லரீபா வாதாடிப் பார்த்தாள். முடியவில்லை. ரெங்கம்மா சொன்னதையே ஆங்கில எழுத்தில் தட்டிக் கொடுத்தாள்: "ரெங்கம்மா. ஹல்துமுல்லை. இன்னைக்கு மதியம் எல்லாரும் கட்டாயம் வந்துருங்க."

மறுநாள் மாடசாமிக்கு லீவு. அவனுடைய போனை எடுத்து, பெரட்டுக்கு ஆள் கூடும் விடியல் வேளையில் ரெங்கம்மா பொத்தானை அழுத்தினாள். நாலு பேருக்கு ஒன்றைச் சொல்வதென்றால் அந்த நேரத்தில் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். ஆனால் தோட்டத்தில் விடியலில் வரும் சேதி சாவுச் சேதிதான். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாராவது இறந்தால், ஆட்கள் மலைக்குப் போகுமுன் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநர்களும் பெரும்பாலும் லயத்தில் பிறந்தவர்கள். புருஷனின் போனிலிருந்து, பெண்சாதியின் பேரோடு, இருட்டு விலகுமுன் வந்த அழைப்பை அவர்கள் வேறெப்படிப் புரிந்துகொள்வார்கள்? பெண்சாதியைப் பறிகொடுத்தவனைக் கூப்பிட்டு, உண்மைதானா என்று கேட்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

மதியம் லொறிக்குப் பின்னால் லொறியாக வந்து நின்றன. முதலில் இறங்கியவர் கணபதி, வெலிமடை ஓட்டுநர்களில் மூத்தவர். எழவு வீட்டுக்குக் கொண்டுபோகும் சீனியும் பிஸ்கட்டும் கையில் இருந்தன. கடை வாசலில் அகப்பையோடு நின்றவளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அடியே ரெங்கம்மா… நீ சாகலையா?"

"என்னாண்ணே, பட்டப்பகல்லயே போட்டுட்டீங்களா?"

"நீதாண்டி விடியக்காலம் சேதி அனுப்புன! ரத்தினபுரியில வாங்குன மால லொறியில கெடக்கு!"

"மாலைய வீணாக்காதீங்கண்ணே, மாடசாமி கழுத்துல போடுங்க. இவகிட்ட மாட்டுனவன் அவன்தான்" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

ரெங்கம்மா சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. "எழவுக்குன்னு பட்டினியாத்தான வந்துருப்பீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். ரொட்டி, கட்டச் சம்பல், நெத்தலிக் கருவாட்டுக் குழம்பு. தட்டுகள் இரண்டாம் முறையும் நிறைந்தன. பிறகு கணபதி விரலை நக்கிக்கொண்டே கேட்டார்:

"இப்புடி ஆக்குவேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க ஏன் தாண்டிப் போறோம்?"

"என் வாயால நான் எப்புடிண்ணே…"

"பின்ன, கங்காணியா வந்து சொல்லுவான்?"

அந்தக் கேள்வி அவளுக்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் ஊர் வேறு பேசியது. சாவுச் சேதியோடு தொடங்கிய வியாபாரம் விளங்காது என்றார்கள். கழிப்புக் கழிக்காவிட்டால் குடும்பத்துக்கே ஆகாது என்று பூசாரி மாடசாமியைப் பிடித்துக்கொண்டார். அவனும் தலையைச் சொறிந்தபடி வந்து நின்றான்.

"செத்தவ நானு. எனக்கே பயமில்ல, ஒனக்கென்னா?" என்றாள் ரெங்கம்மா.

போனை வாங்கிக்கொண்டு நேரே லரீபாவிடம் போனாள். நன்றாக வெயில் ஏறிய பிறகு அடுத்த செய்தியைத் தட்டச் சொன்னாள்: "ரெங்கம்மா உசுரோட இருக்கா. இன்னைக்கு ரொட்டி, கட்டச் சம்பல், கருவாட்டுக் குழம்பு."

"இவ்வளவுதானா அக்கா?" என்று லரீபா கேட்டாள், அனுப்புமுன்.

ரெங்கம்மா ஒரு நிமிடம் அடுப்புப் பக்கம் பார்த்தாள். "ரொம்ப நல்லாயிருக்கும்னும் போடு. நல்லாத்தானே இருக்கு."

செத்தவள் அனுப்பிய செய்தி என்று சிரித்து, ஓட்டுநர்கள் அதைத் தங்கள் கூட்டாளிகளுக்கும் அனுப்பினார்கள். சிரிக்க வந்தவர்கள் சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் மறுநாளும் நிறுத்தினார்கள். மாத முடிவில் டயர்க்கடைக்காரன் அறையைப் பார்க்க வந்தபோது, மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட இடமில்லாமல் வீதியின் மறுபக்கம் நின்றான். ஜாபிர் அவனைப் பார்த்து, இல்லை என்று கையை ஆட்டினார்.

அடுத்த வருடம் ரெங்கம்மா சொந்தமாக ஒரு போன் வாங்கினாள். கொழும்பிலிருந்து திரும்பும் வழியில் பெலிஹுல்ஓயாவைத் தாண்டும்போதே ஓட்டுநர்கள் மிஸ்ட் கோல் கொடுப்பார்கள். ஒரு கோலுக்கு ஒரு பார்சல். ஆக்கியது பத்தாமல் போகும் நாளில் அவளிடமிருந்து பதில் போகும்: "முடிஞ்சிருச்சு. நாளைக்கு வெள்ளனவே அடிங்க."