சேனாதிபதி முதலில் கதவைப் பார்த்தான்

அக்கா எழுத உட்காரும்போது முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். முகம் மேசையைப் பார்க்கும்படி அதைக் கவிழ்த்து, மேலே ரப்பரை வைப்பார். அதற்குப் பிறகு யார் மணி கேட்டாலும் தலையைத் தூக்காமலே பதில் வரும்: "அரண்மனையில ஏதுப்பா கடிகாரம்? பொழுது சாயுது, அவ்வளவுதான் தெரியும்."

எங்கள் பதிப்பகத்தில் அவருக்கு மகாராணி என்று பெயர். தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மாயாஜாலத் தொடருக்குத் துணை நாவல்கள் எழுதுவது அவர் வேலை. பறக்கும் குதிரை, பேசும் வாள், திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் அமைச்சர். அட்டையில் தொடரின் பெயர் பெரிதாக இருக்கும். அக்காவின் பெயர் உள்ளே, கண்ணாடி போட்டால் தெரியும். எதிர் மேசையில் நான் பிழை திருத்துபவன். எனக்குப் பேச வராது, பார்க்க வரும்.

தொடர்க்காரர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். புத்தகத்துக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் கடைசிப் பக்கத்தில் எல்லோரும் முதல் பக்கத்தில் நின்ற இடத்துக்கே வந்துவிட வேண்டும். யாரும் சாகக் கூடாது, யாருக்கும் கல்யாணம் ஆகக் கூடாது.

"என் கதையைத்தான் விதியாப் போட்டிருக்காங்க" என்று அக்கா சிரிப்பார். நாற்பதை நெருங்கியவர். முன்பு ஒருவர் அக்காவோடு கல்யாணத் தேதி குறித்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டே போயிருந்தார்.

அந்த விதியை மாற்ற வந்தவர் காகிதக்காரர். எங்கள் புத்தகங்களுக்குக் காகிதம் தருபவர். சாயங்காலம் படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அக்கா கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்வார். அடுத்த மாதம் பதிவுத் திருமணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

"மகாராணி இன்னும் சபையைக் கலைக்கலையா?"

"கலைச்சாச்சு. சந்தேகம்னா அமைச்சரைக் கேளுங்க." அமைச்சர் நான்தான்.

"அவர் வாயே திறக்க மாட்டாரே!"

"அதனாலதான் அமைச்சர்."

ஒருநாள் தொடர்க்காரர்களிடமிருந்து போன் வந்தது. ராணியை உயிராகக் காதலித்த சேனாதிபதி ஆரம்பம் முதலே துரோகி என்று கதையை மாற்றிவிட்டார்களாம். நாவலோ முடிந்து அச்சுக்குக் காத்திருந்தது. எங்கள் பதிப்பாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மொத்தத்தையும் திருப்பி எழுதணுமாம்மா?"

"ஒரு வரி போதும் சார்."

அக்கா எதையும் நீக்கவில்லை. சேனாதிபதி ராணியின் அறைக்குள் வருகிற இடங்களிலெல்லாம் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார்: 'அவன் முதலில் கதவுகளைப் பார்த்தான், பிறகுதான் அவளை.' பிழை பார்க்க மறுபடி வாசித்தேன். அதே பூ, அதே முத்தம், அதே சத்தியம். எல்லாம் விஷமாகியிருந்தது.

"எங்கேர்ந்துக்கா பிடிச்சீங்க இதை?"

"நம்ம காகிதக்காரர்கிட்டதான். கவனிச்சதில்ல? எந்த ரூமுக்குள்ள வந்தாலும் கதவு, ஜன்னல், மாடிப்படின்னு ஒரு சுத்து சுத்திட்டுத்தான் அவர் கண்ணு நம்மகிட்ட வரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று அவர் வந்தார். கதவு, ஜன்னல், படி. பிறகு அக்கா.

"ஏன் எப்பவும் வழியையே பாக்கறீங்க?"

"சும்மா, பழக்கம்."

"போறதுக்கா?"

"அட, அதை விடு. வா, டீ குடிச்சிட்டு வரலாம்."

அக்கா கடிகாரத்தைத் தொடவில்லை.

கல்யாணத்தை நிறுத்தியது அக்காதான். "ஒரு தடவை பட்டாச்சுப்பா. கதவைப் பாக்கற ஆளு தங்க மாட்டான். நானே எழுதியிருக்கேனே!" தன் வரியைத் தானே நம்பிவிட்டார். அதன் பிறகு காகிதம் வந்தது, காகிதக்காரர் வரவில்லை. நாவல் நன்றாக விற்றது.

தொடர் முடிந்தது. அக்கா அண்ணன் வீட்டோடு வேறு ஊருக்குப் போனார். அந்த அறையில் இப்போது யாரோ செல்போன் பழுது பார்க்கிறார்கள். ஆனாலும் சாய்ந்த வெயில் ஏதாவது ஒரு மேசைமேல் விழும்போது, ரப்பருக்கு அடியில் கவிழ்ந்து கிடந்து ஓடும் கடிகாரம் எனக்குக் கேட்கிறது.

போன வருடம் ஒரு சிறிய கவிதைத் தொகுப்புக்குக் காகிதம் வாங்கக் காகிதக்காரர் கடைக்குப் போனேன். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, இரண்டும் அகலத் திறந்திருந்தன.

"அமைச்சரே, வாங்க!" என்றார். "அந்த நாவலைப் படிச்சேன். சேனாதிபதிக்கு என் பழக்கத்தையே குடுத்திருக்காங்க, பாத்தீங்களா? ஆளு துரோகிதான், இருக்கட்டும். கோபத்துலயும் நம்மளை மறக்கலைன்னு ஒரு சந்தோஷம்."

ஏன் அப்படிப் பார்ப்பார் என்று கேட்டேன். தாளின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே சொன்னார். சின்ன வயதில் அவர் அப்பாவின் காகிதக் கிடங்கு எரிந்திருக்கிறது. இவர் வெளியே ஓடி வந்துவிட்டார். பின்பக்கம் ஒரு கதவு இருப்பது தெரியாமல் தங்கை உள்ளேயே நின்றுவிட்டாள். அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும், உள்ளே இருப்பவர்களை எந்த வழியாக வெளியே கொண்டுவரலாம் என்றுதான் முதலில் பார்ப்பாராம்.

"மத்த இடத்துல ஒரு தடவை பாப்பேன்," என்றார். "உங்க ஆபீஸ்ல ரெண்டு தடவை."