அப்பா மரத்தின் முதல் பழம்

சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். டி.என்.ஏ. பாடம் எனக்குத் தூக்கத்திலும் வரும். மொத்தம் நாலே எழுத்து. அவை நிற்கும் வரிசையில்தான் இலையின் வடிவமும் பழத்தின் ருசியும் எழுதப்பட்டிருக்கின்றன. விதையில் பாதி தாய்மரத்துடையது, மறுபாதி மகரந்தம் தந்த ஏதோ ஒரு மரத்துடையது. அதனால் பலாக்கொட்டை போட்டால் அதே பழம் வராது, ஒட்டுக் கட்டினால்தான் வரும் என்று பிள்ளைகளிடம் அடித்துச் சொல்வேன். அவர்களும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

அண்ணாகிராமம் பக்கம் மாமனார் வீட்டில் ஒரு பலாமரம் இருந்தது. அதன் சுளையைத் தின்றவர் வேறு பழத்தை வாயில் வைக்க மாட்டார். மாமனார் வைப்பார், வைத்துவிட்டு, "த்தூ, இத மனுசன் திம்பானா?" என்று கொடுத்தவர் முகத்துக்கு நேரே துப்புவார். ஒரு புயலில் அந்த மரம் சாய்ந்தது. கிளைகளில் இன்னும் பச்சை இருந்தது.

"மாமா, ஒரு குச்சி வெட்டிக்கிறேன். ஒட்டுக் கட்டலாம்" என்றேன்.

"கொட்ட இருக்கச்சொல்ல குச்சி எதுக்கு மாப்ள? எம் பொண்ணு என்ன மாதிரியே இல்ல?"

தலையாட்டிவிட்டுக் கொட்டையை வாங்கிக்கொண்டேன். அவரிடம் வாயைத் திறக்க எனக்குப் பயம். மனைவியிடமாவது சொல்லியிருக்கலாம். அதே வருடம் மாமனார் போய்விட்டார். கடலூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் முளைத்த கன்றை மனைவி "அப்பா மரம்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அந்த ருசிக்காக ஏழு வருடம் தண்ணீர் ஊற்றினாள். நான் மோட்டார் போட்டுக் கொடுத்தேன்.

போன மாதம் முதல் பழம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தாள், ஒரு சுளையை வாயில் போட்டாள், மென்றாள். சப்பென்று, வெறும் நார்.

"இப்பிடித்தான் வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போது மகள் வந்து ஒரு சுளையை எடுத்துக் கடித்தாள். தாத்தா இறந்தபோது அவள் கைக்குழந்தை.

"த்தூ, இத மனுசன் திம்பானா?"

மனைவி சிரித்தாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்க, எங்கப்பா எங்க வந்திருக்காருன்னு!"

பேச்சு டி.என்.ஏ.வில் எழுதப்படுவதில்லை. இத்தனை வருடமும் தன் அப்பா பேசுவதைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்தது மனைவியேதான். பிள்ளை அதைக் கேட்டு வளர்ந்தது. இதையும் வகுப்பில் அடித்துச் சொல்வேன். ஆனால் அப்போது நான் வாயைத் திறந்தது, அந்தச் சப்பென்ற சுளையைப் போட்டுக்கொள்ள மட்டும்தான்.